எந்த ஆசிட் என்று டாக்டர் கேட்டார்

அந்த வருடம் மழை விட்டதிலிருந்தே திருவனந்தபுரத்துக்குப் போகும் பஸ்களை நம்ப முடியவில்லை. காலையில் ஓடும், மதியம் நின்றுவிடும். மலையாள ஆட்சியில் இருந்த தெற்குத் தாலுக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் போராடிக்கொண்டிருந்த காலம் அது. இன்று கடையடைப்பு என்றால் நாளை ஊர்வலம் இருக்கும், அதற்குப் பின்னாலேயே போலீஸ் லாரி வரும். நான் திருவனந்தபுரத்தில் பெண்கள் ஹாஸ்டலில் தங்கி இன்டர்மீடியட் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் கட்டிலில் படுத்தால் வீட்டில் என்ன ஆயிற்றோ என்று தூக்கம் வராது. லீவு விட்டு வீட்டுக்கு வந்தால், பாடம் போகிறதே, பரீட்சை வருகிறதே என்று திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை கல்லூரியைச் சில நாட்களுக்கு மூடினார்கள். எங்கள் வீடு பாறசாலையில் மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. போலீஸ் வண்டி ஓய்வில்லாமல் போய்வரும் இடம். அதனால் அப்பா என்னை அங்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டில் இறக்கிவிட்டார். உதியன்குளங்கரையில் இறங்கி, கிழக்கே பெருங்கடவிளைப் பக்கம் போகும் வழியில் உள்ளடங்கி இருந்தது அக்கா வீடு. மேடும் பள்ளமுமான நிலம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் மரங்கள், அதற்கு அப்பால் மரச்சீனி விளை, அதாவது மரவள்ளித் தோட்டம். அங்கே எந்த வம்பும் வராது என்பது அப்பாவின் கணக்கு. ஆனால் அத்தானே போராட்டத்தில் இருந்தார். அது அப்பாவுக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

அத்தான் பெரிய பேச்சாளர் ஒன்றும் இல்லை. காலையில் ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுப்பார், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாட்டுக்காரர்களோடு நின்று பாடுவார், மீதி நேரத்தில் சைக்கிளில் ஏறிக் கூட்டத்துக்குப் போவார். அவர் திரும்பி வரும்வரை அக்காவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. சைக்கிள் மணி கேட்டதும் அடுப்படிக்குப் போய் எதையாவது கழுவுகிறவள் மாதிரி நிற்பாள்.

என்னுடைய பயத்தையும் சொல்லியாக வேண்டும். கெமிஸ்ட்ரி வகுப்பில் சென்ற டெஸ்டில் ஒரு கணக்குக்கு எனக்குப் பூஜ்யம் விழுந்திருந்தது. ஒரு பொருளில் கார்பன் நூற்றுக்கு நாற்பது பங்கு, ஹைட்ரஜன் ஆறே முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு, மீதி ஆக்சிஜன். அந்தப் பொருளின் ஃபார்முலா என்ன? ஒவ்வொன்றையும் அதனதன் அணு எடையால் வகுக்க வேண்டும். கார்பனுக்குப் பன்னிரண்டு, ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்குப் பதினாறு. வருகிற மூன்று எண்களையும் அவற்றில் மிகச் சிறியதால் மறுபடி வகுத்தால் ஒன்று, இரண்டு, ஒன்று என்று நிற்கும். CH₂O. இதுவரை நான் சரியாகத்தான் போட்டிருந்தேன். அடியில் கோடு கிழித்து, விடை என்று எழுதி, நிம்மதியாகப் பேனாவை மூடினேன்.

கேள்வியின் கடைசி வரியில் மாலிகுலர் வெயிட் அறுபது என்று இருந்ததை நான் கண்டுகொள்ளவில்லை. எதற்காக அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள் என்றே எனக்கு விளங்கவில்லை. விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது லெக்சரர் அம்மா ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் சொன்னார்: இது எம்பிரிக்கல் ஃபார்முலா, நான் கேட்டது மாலிகுலர் ஃபார்முலா. மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அந்த இரண்டு பெயர்களைக் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்வேன். எதற்கு ஒரே பொருளுக்கு இரண்டு ஃபார்முலா? ஒன்று சரியென்றால் மற்றது ஏன்? கேட்கப் பயம். கேட்காமல் பரீட்சைக்குப் போகவும் பயம்.

அக்கா வீட்டில் இருந்தபோது ஒரு நாள் காலையில் அத்தான் ரப்பர் பால் எடுத்து வந்து வைத்துவிட்டு, சைக்கிளை எடுக்காமல் நடந்தே போனார். ஊர்வலம் இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னார். "உச்சைக்கு வந்துருவேன்" என்றார். அக்கா மதியச் சோற்றுக்கு அரிசியை அளந்து எடுத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை உண்டு. வடிகட்டிய ரப்பர் பாலில் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, தட்டங்களில் உறையவைப்பது அங்கேதான். உறைந்ததை மெஷினில் கொடுத்து ஷீட்டாக அடித்து, புகையில் காய்வதற்காகப் பக்கத்தில் உள்ள புகைப்புரையில் தொங்கவிடுவார்கள். மண்சுவர், ஒரே ஒரு சிறிய கதவு, உள்ளே தரையில் எப்போதும் புகைந்துகொண்டிருக்கும் தேங்காய்த் தொண்டும் பச்சை விறகும். அன்று அத்தான் இல்லாததால் ஆசிட் வேலையை அக்கா செய்தாள். நான் கொட்டகையின் ஓரத்தில் ஒரு கல்லின் மேல் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தேன்.

பெருங்கடவிளைக் கடையில் பெரிய ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுத்த ஆசிட் அது. ஒட்டுத்தாள் இல்லாத பச்சைக் குப்பி. கடைக்காரர் அசெட்டிக் ஆசிட் என்று வாயால் சொன்னதுதான் அடையாளம். மூடியைத் திறந்தால் ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரின் மணம், அதைப் பத்து மடங்காக்கிக் கண்ணில் அடித்த மாதிரி இருக்கும். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, எனாமல் கோப்பையில் கொஞ்சம் ஊற்றினாள். அதைக் கொட்டகையின் கட்டைச்சுவர் மேல் வைத்துவிட்டு, கலக்குவதற்குத் தண்ணீர் கோரக் கிணற்றுக்குப் போனாள். பார்ப்பதற்குக் கோப்பையில் சுத்தமான தண்ணீர்தான் இருந்தது.

அப்போது மேற்கே சத்தம் கேட்டது. முதலில் கூப்பாடு, பிறகு விசில், பிறகு பல பேர் ஓடுகிற சத்தம். நான் எழுந்து நின்றேன். மரங்களுக்கு இடையில் ஒருவர் ஓடி வந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தம். பக்கத்தில் வந்த பிறகுதான் அது அத்தான் என்று தெரிந்தது. லத்தி மூக்கில் பட்டு, மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகி வாயில் இறங்கியது. வாயைத் திறந்துதான் மூச்சு விட்டார்.

அந்தக் கட்டைச்சுவரில் வேலை நேரத்தில் அவருக்குக் குடிதண்ணீர் வைப்பது வழக்கம். அவர் யோசிக்கவில்லை. கோப்பையை எடுத்து அண்ணாந்தார். நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். அக்கா அதற்குப் பிறகு பல தடவை சொன்னாள், நீ கத்தவே இல்லை, வாயைத் திறந்துகொண்டு நின்றாய் என்று. மூக்கு நிறைய ரத்தம் இருந்ததால் அவருக்கு மணம் தெரிந்திருக்காது. ஒரு மடக்கு உள்ளே போனதும் கோப்பை தெறித்து விழுந்தது. மீதியைத் துப்பினார். இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தி உட்கார்ந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது.

கிணற்றிலிருந்து வந்த அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "என்ன குடிச்சாரு? வெள்ளம் இல்லியா அது?" எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம்.

"வெள்ளம் இல்லக்கா. ஆசிட்."

"எனக்க கையாலல்லா வச்சேன்" என்றாள். பிறகு சட்டென்று அவர் வாயில் விரலை விடப் போனாள். "கக்க வைப்போம் மக்கா, கக்குனா போயிரும்."

எங்கள் லேபில் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு அட்டை தொங்கும். என்ன விழுங்கினால் என்ன செய்வது என்று அதில் அச்சடித்திருக்கும். வரிசையில் நிற்கும்போது சும்மா படித்தது. ஆசிட் என்றால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது, திரும்பி வரும் வழியில் மறுபடி சுடும் என்று அதில் இருந்தது. நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வேண்டாம்கா, கக்க வைக்கப்பிடாது. பால் கொண்டு வா. முட்டை இருந்தா வெள்ளைக்கரு."

ஆட்டுப்பால் இருந்தது. முட்டையும் இருந்தது. ஒவ்வொரு மடக்காகக் கொடுத்தோம். விழுங்கும்போதெல்லாம் அவர் கண் வெளியே வந்துவிடும் போலிருந்தது. கீழுதடு வெளிறி, தோல் சுருங்கிக்கிடந்தது. கொடுத்ததில் கொஞ்சம் உள்ளே போயிருக்கும், அவ்வளவுதான். அதற்குள் வழியில் செருப்புச் சத்தம் கேட்டது. செருப்பு இல்லை, பூட்ஸ்.

அத்தானே எழுந்தார். புகைப்புரைக் கதவைக் காட்டினார். நாங்கள் வேண்டாம் என்று சொல்வதற்குள் குனிந்து உள்ளே போய்விட்டார். தொங்கிய ஷீட்டுகளுக்குப் பின்னால், புகைக்குள். தொண்டை வெந்த மனிதர். அக்கா கதவைச் சாத்தினாள்.

தரையில் அவர் ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அக்கா ரப்பர் பால் நிறைந்த வாளியைக் காலால் தட்டிவிட்டாள். வெள்ளைப்பால் தரை முழுவதும் பரவியது. ரத்தம் தெரியவில்லை.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவருக்கு வயதாகியிருந்தது, மற்றவர் இளவட்டம். "இவிடெ ஒருத்தன் ஓடி வந்நோ?" என்று இளையவர் கேட்டார்.

எங்கள் எல்லோருக்கும் தமிழ், மலையாளம் இரண்டு பாஷையும் வரும். சந்தையில் ஒன்று, கோயிலில் ஒன்று, சில சமயம் ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும். அன்று மட்டும் எந்தப் பாஷை வாயிலிருந்து வருகிறது என்பதில் உயிர் இருந்தது. "இல்ல சாரே. இவிடெ ஞங்கள் ரண்டு பெண்ணுங்களே உள்ளூ" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக ஒலித்தது.

"வீட்டுக்காரன் எவிடெ?"

"நெய்யாற்றின்கர சந்தைக்குப் போயி" என்றாள் அக்கா.

பெரியவர் தரையைப் பார்த்தார். "அய்யோ, பாலு மொத்தம் போயல்லோ" என்றார். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். மூக்கைச் சுளித்து, இது என்ன நாற்றம் என்று கேட்டார். ரப்பருக்கு ஊற்றும் ஆசிட் என்றேன். இளையவர் என் புத்தகத்தைப் புரட்டினார். பரீட்சைக்கா என்று கேட்டார். தலையாட்டினேன். பிறகு புகைப்புரைக்குப் போய்க் கதவை இழுத்தார்.

புகை ஒரே மொத்தமாக வெளியே வந்தது. அவர் இருமினார். கண்ணைத் தேய்த்துக்கொண்டு உள்ளே தலையை நீட்டினார், மறுபடி இருமினார். அந்த இருமலுக்கு உள்ளேயிருந்து இன்னொரு இருமல் பதில் சொல்லப்போகிறது என்று காத்திருந்தேன். அக்காவின் விரல் என் கையில் நகத்தோடு பதிந்தது. உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் கதவைச் சாத்திவிட்டு, எச்சிலைத் துப்பிவிட்டு நடந்தார். பெரியவரும் பின்னால் போனார்.

பூட்ஸ் சத்தம் அடங்கும் வரை நாங்கள் நகரவில்லை. கதவைத் திறந்தபோது அத்தான் துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, சுவரோடு சுருண்டு கிடந்தார். இறந்துவிட்டார் என்றே நினைத்தேன். இழுத்து வெளியே போட்டோம். மூச்சு இருந்தது. ஒவ்வொரு மூச்சிலும் ஒரு விசில் கேட்டது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாது. அடிபட்டு வருகிறவர்களைப் பிடிக்க அங்கே போலீஸ் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதியன்னூர்ப் பக்கம் கிறிஸ்தவ சபைக்காரர்கள் நடத்தும் சிறிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே போகலாம். ஆனால் எதில் போவது?

அடுத்த விளையில் ஒரு மலையாளக் குடும்பம். அந்த வீட்டுக்காரருக்குக் கூண்டு போட்ட மாட்டுவண்டி இருந்தது. அவருக்கும் அத்தானுக்கும் வேலியில் நின்று தினமும் வாக்குவாதம். தாலுக்கா தமிழ்நாட்டுக்குப் போனால் நீ என்ன தின்பாய் என்று அவரும், இங்கேயே இருந்தால் நான் எதையெல்லாம் இழப்பேன் என்று அத்தானும் தொண்டை கிழியப் பேசுவார்கள். நான் அங்கே ஓடினேன். அவர் கேட்டுவிட்டு வழியைப் பார்த்தார். அவர் முகத்திலும் பயம்தான் இருந்தது. "பிடிச்சா எனக்க வண்டியும் போவும், காளையும் போவும்" என்றார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து ஏதோ சொன்னாள். என் காதில் சரியாக விழவில்லை. அவர் நுகத்தடியைத் தூக்கினார்.

"ஒரு காரியம்" என்றார் வண்டியில் ஏறும்போது. "வழியில ஆரு கேட்டாலும் நான் பறயும். நிங்கள் ரண்டு பேரும் வாய் திறக்கப்பிடாது."

அத்தானின் தலை அக்காவின் மடியில். ரத்தச் சட்டையைக் கழற்றி, வேறு சட்டை போட்டு, கழுத்துவரை போர்த்தியிருந்தோம். உள்வழியாகவே வண்டி போனது. ஒரே ஒரு இடத்தில் மெயின் ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். அங்கே போலீஸ் லாரி நின்றது. வண்டிக்காரர் காளையை விரட்டவுமில்லை, நிறுத்தவுமில்லை. சுகமில்லாத ஆள், ஆஸ்பத்திரிக்கு என்று மலையாளத்தில் உரக்கச் சொல்லிக்கொண்டே கடந்தார். கூண்டுக்குள் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். யாரோ போ போ என்று சொன்னது கேட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் கட்டுப்போட்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் போலவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தவர்கள். டாக்டர் தெற்கே கல்குளத்துப் பக்கத்துக்காரர், தமிழர். தூங்காத கண்கள். அத்தானின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார்.

"என்ன குடிச்சாரு?"

"ஆசிட்" என்றாள் அக்கா.

"எந்த ஆசிட்? ரப்பர் வீட்டுல ரெண்டு மூணு தினுசு மருந்து இருக்கும். என்னதுன்னு தெரிஞ்சாத்தான் ஏதாவது பண்ணலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். எனக்குப் பெயர் தெரியும். காலையிலிருந்து நூறு தடவை மனதுக்குள் சொன்ன பெயர். அந்த நேரத்தில் அது வரவில்லை. மூளை முழுக்க வெள்ளையாக இருந்தது. அதில் ஒரே ஒரு சங்கதி எழுதியிருந்தது. அதைச் சொன்னேன்.

"சி ஹெச் டூ ஓ."

டாக்டர் நிமிர்ந்தார். "ஃபார்மால்டிஹைடா? ஃபார்மலினா குடிச்சாரு?" ரப்பர் பால் சீக்கிரம் உறையாமல் இருக்கச் சில பேர் ஃபார்மலின் ஊற்றுவது உண்டு, அது அவருக்குத் தெரிந்திருக்கும். என் பதிலுக்குக் காத்திராமல் நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். "அம்மோனியா கரைசல் எடுங்க, வெள்ளம் கூட்டி ரொம்ப நேர்ப்பா. ஃபார்மலினுக்கு அதுதான் மாற்று."

நர்ஸ் நகர்ந்தாள். அவள் எடுத்து வைத்த அந்த இரண்டடிக்குள் எனக்கு எல்லாம் விளங்கியது. வகுப்பில் விளங்காதது, விடைத்தாளில் விளங்காதது.

நான் சொன்னது விகிதம் மட்டும். ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். அந்த விகிதத்தில் எத்தனை பொருள் வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரே ஒரு பங்காக நின்றால் அது ஃபார்மால்டிஹைடு, எடை முப்பது. அதற்கு மட்டும் CH₂O என்பதே முழு ஃபார்முலா. இரண்டு பங்கு சேர்ந்து ஒரே மூலக்கூறாக நின்றால் C₂H₄O₂, அசெட்டிக் ஆசிட், எடை அறுபது. மாலிகுலர் வெயிட்டை எதற்குக் கொடுக்கிறார்கள் என்றால் இதற்குத்தான். அறுபதை முப்பதால் வகுத்து, எத்தனை பங்கு என்று கண்டுபிடிப்பதற்கு. அதைச் செய்யாமல் நிறுத்தினால் பொருள் எதுவென்றே நாம் சொல்லவில்லை. நான் மறுபடியும் பாதியில் நிறுத்திவிட்டேன். வெந்த தொண்டையில் வேறொரு விஷத்துக்கான மருந்து இறங்கப்போகிறது.

"இல்ல டாக்டர்!" என்று கத்தினேன். காலையில் வராத கத்தல் இப்போது வந்தது. வராந்தாவில் எல்லோரும் திரும்பினார்கள். "அது எம்பிரிக்கல். தப்பாச் சொல்லிட்டேன். இரட்டியாக்கும். சி டூ ஹெச் ஃபோர் ஓ டூ. மாலிகுலர் வெயிட் அறுபது. அசெட்டிக். அசெட்டிக் ஆசிட்."

"வினிகர்ல உள்ளதா?"

"அதேதான். வெள்ளம் சேக்காதது."

டாக்டர் என்னை நம்பி விட்டுவிடவில்லை. அத்தானின் தாடையில், கழுத்து மடிப்பில், குனிந்து மோந்தார். புகைநாற்றம்தான் முதலில் வந்திருக்கும். இன்னொரு தடவை மோந்தார். "ஆமா" என்றார். "சிஸ்டர், அம்மோனியா வேண்டாம். ஆசிட்டை முறிக்க மெக்னீசியா கொண்டு வாங்க." பிறகு என்னிடம், "முன்னால ஏதாவது குடுத்தீங்களா?" என்றார். பாலும் முட்டை வெள்ளைக்கருவும் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். பயப்படாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லமாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். வண்டிக்காரர் வாசலில் காளைக்குப் பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது, நான் என்ன சொன்னேன், ஏன் கத்தினேன் என்று எதையும் அக்கா கேட்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே விட்டபோது அத்தானின் கையில் ஊசி குத்தி, மேலே ஒரு கண்ணாடிக் குப்பி தொங்கவிட்டிருந்தார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கியது. தெளிவான தண்ணீர் மாதிரி. காலையில் கோப்பையில் பார்த்த அதே தெளிவு. அது என்ன என்று நர்ஸிடம் கேட்டேன்.

"குளுக்கோஸாக்கும் பிள்ளே. வாய்வழி ஒண்ணும் குடுக்க முடியாதில்லா. ஏன் இப்பிடிப் பாக்குத?"

குளுக்கோஸ். ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன். ஆறால் வகுத்தால் ஒன்று, இரண்டு, ஒன்று. எடை நூற்றெண்பது. அதே விகிதம், ஆறு பங்கு. காலையில் அவரைச் சுட்டதும் இப்போது அவரை உயிரோடு வைத்திருப்பதும் எம்பிரிக்கல் கணக்கில் ஒன்றுதான். எண்ணிக்கை மாறும்போது அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் விதமும் மாறிவிடுகிறது, பொருளே வேறாகிவிடுகிறது. புத்தகத்தில் இது ஒரு வரி. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபோது அதை நினைத்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை. பயம்தான் வந்தது. இவ்வளவு கிட்டக்கிட்டத்தானா எல்லாம் இருக்கிறது என்ற பயம்.

அத்தான் பிழைத்தார். ஆஸ்பத்திரிப் பதிவில் ஆசிட் தவறுதலாகக் குடித்தது என்று எழுதினார்கள், அது உண்மைதான். மூக்கைப் பற்றி டாக்டர் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுத்த கஷ்டம் தொடங்கியது. உள்ளே புண் ஆறும்போது தொண்டைக்குழல் சுருங்கியது. கஞ்சித்தண்ணீர்கூட நின்று நின்றுதான் இறங்கியது. குழல் மூடிக்கொள்ளாமல் இருக்க, ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ரப்பர் குழாயை விழுங்க வேண்டும், மறுபடி எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வண்டிக்காரர்தான் கொண்டுபோனார். போகும்போதும் வரும்போதும் அவர் மட்டும் பேசுவார். பதில் சொல்ல முடியாத ஆளோடு வாக்குவாதம் செய்து ஒரு சுகமும் இல்லை என்று ஒரு நாள் என்னிடம் சலித்துக்கொண்டார்.

பரீட்சையை நான் எழுதினேன். ஃபார்முலா கணக்கு வந்தது. போட்டேன். கடைசி வரியை மூன்று தடவை படித்தேன். தேறினேன். அதைப் பற்றி வேறு ஒன்றும் நினைவில்லை.

நினைவில் இருப்பது அக்காதான். அத்தானுக்கு எதைக் கொடுத்தாலும் அவள் முதலில் ஒரு வாய் குடிப்பாள். பச்சைத்தண்ணீர், கஞ்சி, மோர் எதுவானாலும். கொஞ்சம் காத்திருப்பாள். பிறகு நீட்டுவாள். அவர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார். ஒரு நாள் சகிக்க முடியாமல் நான் கேட்டேன். "இனி எதுக்குக்கா? குப்பியத்தான் கொட்டகையில பூட்டி வச்சாச்சில்லா?"

"உனக்குப் படிச்சா பயம் போயிரும் மக்கா" என்றாள். "எனக்குப் போவாது."

எனக்கும் போகவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

மாதங்கள் கழித்து, டாக்டர் குழைவாக ஏதாவது கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அக்கா மரச்சீனியை வேகவைத்து, நாரெடுத்து, மாவு மாதிரிப் பிசைந்தாள். மீன்குழம்பின் தெளிவை மட்டும் அதில் ஊற்றினாள். நாங்கள் இருவரும் அவர் முன்னால் உட்கார்ந்தோம். வண்டிக்காரரும் வந்திருந்தார், தாழ்வாரத்தில் நின்றார். அத்தான் ஒரு சிறு உருண்டையை வாயில் வைத்து வெகுநேரம் மென்றார். பிறகு கண்ணை மூடினார். தொண்டை மேலும் கீழும் அசைந்தது. நின்றது. முகம் சிவந்தது. அக்கா எழுந்துவிட்டாள். நான் அவர் முதுகில் கையை வைத்தேன். உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டு போராடுவது என் உள்ளங்கைக்கே தெரிந்தது.

இறங்கிவிட்டது.

அவர் கண்ணைத் திறந்து, காற்று மாதிரி இருந்த குரலில் அக்காவிடம் சொன்னார்: "உப்பு கொறவாக்கும்."

அக்கா சிரிக்கவில்லை. அடுப்படிக்குப் போய் உப்பை எடுத்து வந்தாள். தாழ்வாரத்தில் நின்ற வண்டிக்காரர், "குரல் வந்நல்லோ, இனி நாளை முதல் தர்க்கம் துடங்காம்" என்று சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் போனார். சில வருடங்களில் மாநில எல்லைக்குக் கோடு போட்டார்கள். தெற்கே உள்ள தாலுக்காக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போயின, நாங்கள் மலையாளப் பக்கமே நின்றோம். அந்தச் செய்தி வந்த அன்றும் அத்தான் வேலிக்குப் போனார். அவருடைய மெல்லிய குரல் கேட்பதற்காக வண்டிக்காரர் வேலியின் மேல் குனிந்து, காதைக் கிட்டக் கொடுத்துக்கொண்டு நின்றார்.